மீன்தோலும் பூக்குழியும்

3 பிப்ரவரி 2025, திங்கள்

மூன்றாம் எண் ஃபோர்க்லிஃப்டுக்கு ஒருவழியாக பேட்டரி மாற்றினார்கள். ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி நின்ற பிறகுதான் அதைப் பற்றிக் கூட்டம் போடுவது எங்கள் ஸ்டோரின் வழக்கம். மாலையில் மழை. ஸ்டோர் இருக்கும் செங்கிலிருந்து பத்து பெரண்டாம் வீடு வந்து சேர முக்கால் மணி நேரம்.

காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 9.8, ஏழுக்குள் இருக்க வேண்டியது. பாக்கியத்திடம் காட்டினேன். அவள் பன்னிரண்டை எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது, ஒரு தோசை கூடுதலாக வைத்தாள்.

6 பிப்ரவரி, வியாழன்

வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தேன். பாக்கியம் அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தாள். "ஏங்க, நில்லுங்க! என்னங்க இது, தரையெல்லாம் ரத்தம்?"

வலது காலுறை நனைந்திருந்தது. பெருவிரலுக்குக் கீழே, பாதம் மெத்தென்று இருக்குமே, அந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூ. பூட்ஸின் அடியைத் துளைத்துக்கொண்டு ஏறி, காலோடு வந்துவிட்டது. எப்போது ஏறியது என்று தெரியவில்லை. மதியம் சாப்பிடப் போகும்போது நடைக்கு நடை டக் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது, ஆபிஸில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிளையரால் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது.

"வலிக்கலையா?"

"பூ மிதிக்கிற காலுடி இது. ஒரு ஸ்க்ரூவுக்கா வலிக்கும்?"

அவள் மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்துக் கட்டினாள்.

11 பிப்ரவரி, செவ்வாய். தைப்பூசம்

தண்ணீர்ப்பந்தலில் பத்து மணி நேரம் நின்றேன். மோர் ஊற்றியே கை ஓய்ந்துவிட்டது. சாமிநாதனும் கூட நின்றான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருக்கிறோம், பஸ் ஓட்டி இப்போது ஓய்வில் இருக்கிறான். செலண்டார் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூக்குழியில் கரகத்தோடு முதலில் இறங்குவது நான், எனக்குப் பின்னால் அவன். இந்த வருடம் தீமிதி மே 11 என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதாம். எனக்குப் பத்தொன்பதாவது முறை, கொரோனாவில் விட்ட இரண்டு வருடம் போக.

"பத்தொம்பதுக்கு ஒரு போட்டோ எடுத்து மாட்டணும்டா உனக்கு" என்றான்.

"செத்தவங்களுக்குத்தான்டா மாட்டுவாங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

14 பிப்ரவரி, வெள்ளி

வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்திருக்கும் என்று பாக்கியம் அடுப்புக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எல்லாம் பெருக்கினாள். எலி இல்லை. என் கால்.

17 பிப்ரவரி, திங்கள்

கிளினிக்கில் பார்த்துவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்குப் போகவில்லை. டாக்டர் மலாய்க்காரப் பெண், என் மகள் வயது. செத்த சதையை எல்லாம் கத்தியால் வழித்து எடுத்தார். மரக்க ஊசி போடவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

புண் 2.4 செ.மீ.க்கு 2.1. ஆழம் அரை. இன்னும் ஒரு வாரம் பிந்தியிருந்தால் பெருவிரலை எடுத்திருப்பார்களாம். மூன்று மாதத்துச் சர்க்கரையும் பார்த்தார்கள். 10.9 சதவீதம் என்றதும் பாக்கியம் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தக் கூடுதல் தோசையை நினைத்திருப்பாள்.

எம்.சி. கொடுத்தார்கள், வேலைக்கு லீவு. ஒரு செருப்பும் கொடுத்திருக்கிறார்கள், குதிகாலில் மட்டும் நிற்கும்படி. முன்பாதம் தரையில் படக்கூடாது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் கொக்கு போல இருக்கிறது.

20 பிப்ரவரி, வியாழன்

இனி ஒவ்வொரு வியாழனும் ஆஸ்பத்திரியின் புண் பிரிவு. நர்ஸ் மிஸி தேவிஸ்ரீ தமிழ்ப் பெண், செலண்டார்காரர்தான். என்னை அங்கிள் என்கிறார். புண்ணின் அளவை எடுத்து எழுதி, போட்டோவும் எடுக்கிறார். வண்டிக்கு இன்ஷூரன்ஸ்காரன் எடுப்பது போல.

புண்ணுக்குள் பஞ்சு போல ஒன்றை வைத்தார். கடல்பாசியில் செய்ததாம். "அகர் அகர் செய்றது மாதிரியா மிஸி?" என்று கேட்டேன். "கிட்டத்தட்ட அதேதான் அங்கிள். ஈரத்தை இழுத்து ஜெல்லி மாதிரி ஆயிடும். பார்த்து பயந்துடாதீங்க" என்றார்.

23 பிப்ரவரி, ஞாயிறு

பாக்கியம் கட்டைப் பிரித்துப் பார்த்துப் பயந்துவிட்டாள். சீழ் என்று நினைத்தாள். நான் அகர் அகர் கதையைச் சொன்னேன். "இனிமே நான் அகர் அகர் சாப்பிடவே மாட்டேன்" என்றாள்.

27 பிப்ரவரி, வியாழன்

2.3க்கு 2. அசையவில்லை.

6 மார்ச், வியாழன்

2.2க்கு 2. டாக்டர் வேறு ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்றார். மீன்தோல்.

நான் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை. மிஸி ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் காட்டினார். பொரிக்காத அப்பளத்தின் துண்டு போல வெள்ளையாக, மொடமொடவென்று இருந்தது. செதில் எடுத்த தடம் வரிசையாகத் தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை.

"மீனோட உயிர்ச்சத்து எல்லாத்தையும் கழுவி எடுத்துட்டாங்க அங்கிள். வெறும் கூடு. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவாங்கல்ல, அது மாதிரி. உங்க சதை அதுல ஏறி வளரும்."

"ஏன் மீன்?"

"பன்னியில செஞ்சது இருக்கு, மாட்டுல செஞ்சது இருக்கு. மலாய்க்காரவங்களுக்குப் பன்னி ஆகாது, நம்மளுக்கு மாடு ஆகாது. மீன்னா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். துணி போல வளைந்துவிட்டது. கத்தரியால் புண்ணின் அளவுக்கு வெட்டி வைத்து, மேலே பஞ்சு மெத்தை போல ஒன்றை ஒட்டினார். ஒரு வாரம் தொடக்கூடாது. ஐம்பத்தேழு வருடமாக மீனைத் தின்றவன் நான். ஒட்டிக்கொள்வதற்கு என்ன? கையெழுத்துப் போட்டேன்.

பாக்கியத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மலாக்காவுல மீனைப் புளிப்பும் காரமுமா அசம் பெடாஸ் வெப்பாங்க. காலுல வெப்பாங்களா?"

13 மார்ச், வியாழன்

1.9க்கு 1.6. வைத்த துண்டில் பாதி காணவில்லை. உள்ளே போய்விட்டது என்றார் மிஸி. இன்னொரு துண்டு வைத்தார்.

20 மார்ச், வியாழன்

1.5க்கு 1.2. முதல்முறையாக டாக்டர் சிரித்தார். புவாசா மாதம், நோன்பு, பாவம், தண்ணீர்கூடக் குடிக்காமல் மத்தியானம் வரை நின்று கத்தி பிடிக்கிறார். அடிப்புறம் சிவப்பாக, மணி மணியாக இருக்கிறது. மிஸி கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். மாதுளம்பழத்தின் உள்பக்கம் போல இருந்தது.

சாமிநாதன் போன் செய்தான். திங்கட்கிழமை விரதம் தொடங்குகிறது, மறந்துவிடாதே என்றான். நான் மறப்பேனா?

24 மார்ச், திங்கள்

விரதம் முதல் நாள். இன்னும் நாற்பத்தெட்டு நாள்.

பாக்கியம் நேற்றே மீன் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிட்டாள். ஃபிரிட்ஜில் இருந்த கெம்போங் மீனைப் பக்கத்து வீட்டுச் சீனத்திக்குக் கொடுத்தாள். வெட்டுப்பலகையை வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். வீட்டில் கவிச்சி ஒரு துளி இருக்கக்கூடாது. வருடா வருடம் இதே வேலைதான்.

விடியற்காலையில் குளிக்க உட்கார்ந்தபோதுதான் மனதில் பட்டது. வீட்டில் மீன் இன்னும் இருக்கிறது. என் காலில்.

இதோடு எப்படிச் சாமியறைக்குள் போவது? கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கட்டைப் பிரித்தேன். உள்ளே வழவழவென்று வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் நெம்பினேன். ஓரம் வந்தது, நடுவில் பிடித்துக்கொண்டது. இழுத்தேன். வந்துவிட்டது. ரத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது. தண்ணீர் ஊற்றி அதைச் சாக்கடையில் தள்ளிவிட்டு, மஞ்சள் வைத்து, மேலே அதே பஞ்சு மெத்தையை ஒட்டினேன். பாக்கியத்திடம் சொல்லவில்லை.

விளக்கேற்றும்போது மனசு லேசாக இருந்தது. இருந்ததை எழுதுகிறேன்.

26 மார்ச், புதன்

காய்ச்சல் 38.6. வலது தொடை இடுக்கில் ஒரு கட்டி போல வீங்கியிருக்கிறது. நாளை எப்படியும் வியாழன்.

27 மார்ச், வியாழன்

2.5க்கு 2.2. வந்தபோது இருந்ததைவிடப் பெரிது.

தேவிஸ்ரீ மிஸி கட்டைப் பிரித்து, மஞ்சளைப் பார்த்து, என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "மீன் எங்க அங்கிள்?" என்றார். சொன்னேன். விரதம், கவிச்சி, எல்லாம் சொன்னேன். தமிழ்ப் பெண், புரிந்துகொள்வார் என்றுதான். அவருக்குப் புரிந்தது. அதனால்தான் கோபம் அதிகம்.

"நீங்க பிய்ச்சது மீன் இல்ல அங்கிள். மீன் போன வாரமே முக்கால்வாசி போயிடுச்சு. பிய்ச்சது உங்க சதை. மூணு வாரமா வளர்ந்த சதை."

நான் கொக்குச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிய்க்கும்போது வலிக்கலையா?"

"வலிக்காது மிஸி. பதினெட்டு தடவை பூ மிதிச்ச காலு. நெருப்பே சுடாது எனக்கு. அம்மா அருள்." பெருமையாகத்தான் சொன்னேன்.

மிஸி கையுறையைக் கழற்றினார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்தார். பேனா போன்ற பிடியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நூல். "கண்ணை மூடிக்கோங்க அங்கிள். தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். ஏர்கோன் ஓடும் சத்தம். வெளியே யாரோ நம்பர் கூப்பிட்டார்கள். காத்திருந்தேன். மிஸி வேறு வேலையாக இருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "ஆரம்பிங்க மிஸி" என்றேன்.

பதில் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். நூலை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டேன் அங்கிள். ரெண்டு காலும். இருபது இடம்."

இனிப்புநீர் வியாதி நரம்பைத் தின்றுவிடும் என்றார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மெதுவாகத் தின்னும், சத்தம் போடாது என்றார். எனக்கு இனிப்புநீர் என்று தெரிந்தது 2011இல். அதற்குப் பல வருடம் முன்னாலேயே தொடங்கியிருக்கும் என்றார்.

டாக்டர் வந்து பார்த்தார். ஊசி மருந்து மூன்று நாள். அது அடங்கிய பிறகு மறுபடியும் மீன்தோல், வாரத்துக்கு ஒன்று, யாரும் தொடக்கூடாது. இல்லையென்றால் பெருவிரலும் முன்பாதத்தில் பாதியும் போகும். மிஸி என் விரதத்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் மலாயில் கேட்டார்: எங்களில் உடம்பு முடியாதவர்களுக்குப் புவாசா கட்டாயமில்லை, பிறகு அந்த நாட்களை ஈடு செய்யலாம், உங்களில் எப்படி, பாச்சிக்? மிஸிக்கு அங்கிள், இவருக்குப் பாச்சிக்.

தெரியவில்லை என்றேன். உண்மையில் தெரியவில்லை. யாரும் கேட்டதில்லை.

28 மார்ச், வெள்ளி

வார்டில் படுத்திருக்கிறேன். கையில் ஊசி.

2005, முதல் வருடம், சுட்டது. நன்றாகவே சுட்டது. மூன்று நாள் கொப்புளம், யாரிடமும் காட்டவில்லை. 2006, 2007, சுட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பக்தி முற்றுகிறது என்று நினைத்தேன். 2014இல் எதுவும் தெரியவில்லை, பாய் மேல் நடப்பது போல நடந்து போனேன். அடுத்த வருடம் கரகத்தை என் தலையில் வைத்தார்கள், கணேஸ்வரன் காலுக்குச் சுடாது என்று. காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் பாதத்தில் வைத்தாள் ஒரு பெண் –

அப்போ எத்தனை வருஷம்டா? எது அம்மா, எது வியாதி? பத்து வருஷமா செத்த காலை வெச்சுக்கிட்டு நான் ஆடியிருக்கேன், ஊரே பார்த்துக் கும்பிட்டிருக்கு, அம்மா பேசாம இருந்திருக்கா. சொல்லியிருக்கலாம்ல. ஒரு தடவை சுட்டுக் காட்டியிருக்கலாம்ல?

29 மார்ச், சனி

பாக்கியத்திடம் நூல் விஷயத்தைச் சொன்னேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"போன ரெண்டு வருஷமும் தீமிதி முடிஞ்சு வந்து படுத்தீங்க. காலையில பெட்ஷீட்டுல கால் வெச்ச இடம் ஈரமா மஞ்சளா கறை. கொப்புளம் ஒடைஞ்ச தண்ணி. நான்தான் துவைச்சேன். உங்களுக்கே தெரியலைன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா? சந்தோஷமா இருந்தீங்க."

ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்தாள். தின்றேன். அவள் மேல் கோபம் வரவில்லை. என் மேலும் வரவில்லை. களைப்பாக இருந்தது.

30 மார்ச், ஞாயிறு

மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலையில் கோயிலில் கமிட்டிக் கூட்டம். மருமகனை வண்டியெடுக்கச் சொல்லிப் போனேன்.

முதலில் பூசாரியிடம் தனியாகக் கேட்டேன். விரதத்தில் மீன்தோல் போடலாமா? அவர் யோசித்தார். "தின்னுட்டீங்களா?" "இல்ல, காலுல போடுறது." மறுபடி யோசித்தார். "எனக்குத் தெரியலைங்க. இப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றார். நல்ல மனிதர். தெரிந்த மாதிரி நடிக்கவில்லை.

பிறகு கமிட்டியில் சொன்னேன். இந்த வருடம் இறங்கவில்லை, நரம்பு செத்துவிட்டது, அதனால்தான் இத்தனை வருடம் சுடவில்லை என்று. சொல்லி முடிப்பதற்குள் சாமிநாதன் எழுந்துவிட்டான்.

"கோயில்ல நின்னுக்கிட்டு எந்த வாயால சொல்ற நீ? காலுல புண்ணு வந்தா வரலைன்னு சொல்லு, முடிஞ்சுது. அம்மாவ ஏன்டா இழுக்கிற?"

"நான் என் காலைப் பத்தித்தான் பேசினேன்."

"எனக்கும்தான் அஞ்சாறு வருஷமா சுடலை. அப்ப எனக்கும் நரம்பு செத்துப்போச்சா?"

வாயைத் திறந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடிக்கொண்டேன். அவனுக்கும் இனிப்புநீர், எனக்கு முன்னாலிருந்தே. மாத்திரை ஒரு வேளை போடுவான், இரண்டு வேளை மறப்பான்.

இந்த வருடம் கரகம் சாமிநாதனுக்கு என்று முடிவாயிற்று.

3 ஏப்ரல், வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கோயிலில் இறங்கினேன். அது வழியில் இல்லைதான், மருமகனைச் சுற்றி வரச் சொன்னேன். யாரும் இல்லை. அம்மன் முன்னால் நின்று, இந்த வருஷம் வரலை, மீனு போட்டுக்கப் போறேன், என்றேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் வரவில்லை. அழுதேன். கொக்குச் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் குதிகாலில் நின்றுகொண்டு அழுவது எளிதில்லை.

2.4க்கு 2.1. மீன்தோல், புதிது. பாக்கியம் பரணிலிருந்து மீன் சட்டியை இறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வெறும் சாம்பார்தான் ஓடுகிறது.

10 ஏப்ரல், வியாழன்

2க்கு 1.7.

14 ஏப்ரல், திங்கள். சித்திரைப் புத்தாண்டு

சாமிநாதன் வீட்டுக்கு வருடா வருடம் பாயசம் போகும். இந்த வருடமும் பாக்கியம் கொடுத்தனுப்பினாள். பாத்திரம் கழுவாமல் திரும்பி வந்தது. பாயசத்தைக் குடித்திருக்கிறான், அதுவரைக்கும் சரி. சர்க்கரை போட்ட பாயசத்தை அவனுக்கு அனுப்பியிருக்கவே கூடாது.

17 ஏப்ரல், வியாழன்

1.6க்கு 1.3. மிஸி தொடக்கூடாது என்பதை மறுபடியும் சொன்னார். நான் தொடவில்லை. பக்கத்தில் கைகூடக் கொண்டு போவதில்லை.

24 ஏப்ரல், வியாழன்

1.1க்கு 0.9. ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் வருகிறது. இதுவும் எனக்குத் தெரியாமல்தான் வருகிறது.

27 ஏப்ரல், ஞாயிறு

காப்பு கட்டினார்கள். நான் போகவில்லை. சாமிநாதன் மஞ்சள் கயிற்றோடு நிற்கும் போட்டோவை யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தை இல்லை, காலை. இடது குதிகாலில் ஒரு வெடிப்பு, கறுப்பாக. அவனுக்கு அது தெரிந்தே இருக்காது.

2 மே, வெள்ளி

நேற்று தொழிலாளர் தினம், அதனால் இன்று. 0.7க்கு 0.5.

மிஸியிடம் கேட்டேன், அந்த நூல் இல்லாமல் வீட்டிலேயே பார்க்க முடியுமா என்று. "யாருக்கு அங்கிள்?" என்றார். ஒரு ஆளுக்கு என்றேன். "நூல்தான் சரியா சொல்லும். ஆனா ஈர்க்குக் குச்சிகூட தெரியலைன்னா, இங்க கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

5 மே, திங்கள்

சாமிநாதனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

7 மே, புதன்

எடுக்கவில்லை.

8 மே, வியாழன்

0.4க்கு 0.3.

எனக்கென்ன பிரச்சினை? என் கால் ஆறுகிறது. பூக்குழியில் இறங்குகிறவன் பெரிய மனிதன், அவன் பாடு. அப்படித்தான் இரண்டு நாளாகச் சொல்லிக்கொள்கிறேன். அந்தக் குதிகால் வெடிப்பில் நெருப்புத்துண்டு ஒன்று ஏறினால் அவனுக்குத் தெரியாது. வீட்டில் அதைப் பார்க்கவும் ஆள் இல்லை. அவன் மனைவி போய் நாலு வருடம் ஆகிறது.

10 மே, சனி

காலையில் சாமிநாதன் வீட்டுக்கே போனேன். காப்புக் கட்டிய வீடு, வாசலில் வேப்பிலை. முன்னறையில் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "வா" என்றான், பேப்பரை இறக்காமல்.

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். "ஒண்ணே ஒண்ணு. செஞ்சிட்டுப் போயிடுறேன். கண்ணை மூடு, குத்தும்போது சொல்லு."

"பைத்தியம் புடிச்சிருச்சாடா உனக்கு? நாளைக்குக் கரகம் எடுக்கிறவன் காலுல குத்தப் போறியா?"

"சுடாத காலுக்கு ஈர்க்குக் குத்தினா என்ன ஆயிடும்?"

அவன் பேப்பரை மடித்து வைத்தான். காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். ஐம்பது வருடப் பழக்கம், எதற்கோ விட்டுக்கொடுத்தான்.

பெருவிரல். மூன்றாம் விரல். சுண்டுவிரல். அவற்றுக்குக் கீழே மூன்று இடம். நடுவில் இரண்டு. குதிகால் வெடிப்பின் ஓரம், லேசாக. பாதத்தின் மேல்புறம். ஈர்க்கு வளையும் வரை அழுத்தினேன், ஒவ்வொன்றுக்கும் அவன் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. வெளியே பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்து போனது.

"என்னடா," என்றான், கண்ணை மூடியபடியே. "ஆரம்பிக்கப் போறியா இல்லையா?"

ஈர்க்கை மறுபடி பெருவிரலின் கீழே வைத்து அழுத்தினேன். அன்றைக்கு மிஸி ஏன் பதில் சொல்லவில்லை என்று தெரிந்தது.

கண்ணைத் திறந்தான். ஈர்க்கு இன்னும் அவன் பெருவிரலின் கீழேதான் இருந்தது. பார்த்தான். என் கையிலிருந்து அதை வாங்கி முதலில் தன் உள்ளங்கையில் குத்திக்கொண்டான், "ஸ்" என்றான். பிறகு பாதத்தில். பிறகு இன்னும் அழுத்தி. ஈர்க்கு ஒடிந்துவிட்டது.

"நீ வீட்டுக்குப் போ" என்றான்.

வந்துவிட்டேன்.

11 மே, ஞாயிறு. தீமிதி

கயிற்றுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெக்கை முகத்தில் அடித்தது. முகத்தில் சுடத்தான் செய்கிறது. பார்த்த சிலர் என் காலுறையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்கள். குழந்தை எதையும் யாரும் கொண்டுவரவில்லை.

சாமிநாதன் கரகத்தோடு ஆற்றங்கரையிலிருந்து வந்தான். உடுக்கை, பறை, பச்சை வேப்பிலை எல்லாம் எப்போதும் போல. பூக்குழியின் வாயில் வந்து நின்றான். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு கரகத்தை இறக்கிப் பூசாரியின் தம்பி தலையில் வைத்து, கும்பிட்டுவிட்டு, குழியைச் சுற்றி ஓரமாக நடந்து அந்தப் பக்கம் போனான். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவன் யாரையும் பார்க்கவில்லை.

மொத்தம் முப்பத்தெட்டுப் பேர் இறங்கினார்கள்.

முடிந்ததும் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். உடம்பெல்லாம் மஞ்சள், வியர்வை. "ஒண்ணும் பேசாத" என்றான். பால்குழியில் பிள்ளைகள் கால் நனைத்துக்கொண்டு கத்துவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

15 மே, வியாழன்

0.2க்கு 0.1. நேற்று பாக்கியம் மீன் சட்டியை இறக்கினாள். அசம் பெடாஸ். எனக்கு ஒரு துண்டுதான் என்று கணக்கு வைத்திருக்கிறாள்.

22 மே, வியாழன்

மூடிவிட்டது. அளவு என்ற கட்டத்தில் மிஸி ஒரு கோடு போட்டார். புதுத்தோல் மெல்லிசாக, பளபளவென்று இருக்கிறது. கண்ணாடி வைத்துக் காட்டினார். செதில் தடம் எதுவும் தெரிகிறதா என்று பார்த்தேன், இல்லை. தினமும் இரவு படுக்கும் முன் கண்ணாடியில் பாதத்தைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு எங்கும் நடக்கக்கூடாது, வீட்டுக்குள்கூட. "கோயில்ல?" என்றேன். "காலுறை போட்டுக்கோங்க அங்கிள்" என்றார்.

வெளியே வந்தேன். சாமிநாதன் நம்பர்ச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலையில் என்னோடு காரில் வந்தவன், வழி முழுக்க ரோட்டைத் திட்டிக்கொண்டு வந்தான், காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உள்ளே கத்தி, கத்தரி வைத்த தட்டு ஒன்று போவதைப் பார்த்தான். என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டான்.

"வலிக்குமாடா?"

"வலிச்சா நல்லதுடா" என்றேன்.

அவன் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனான்.